ஐந்தில் எத்தனை

நானூறு மைல். காரின் ஹீட்டர்
என் வலது முழங்காலுக்கு மட்டும் வேலை செய்கிறது.
கத்தி பட்டது இடது முழங்கால்.

மொன்டானாவின் கிழக்கு ஓரம், பிப்ரவரி.
ஒரு தானியக் கிடங்கு, ஒரு பெட்ரோல் பங்க்,
ஊரே வந்து உட்கார்ந்தாலும்
இடம் மிச்சமிருக்கும் ஒரு ஜிம்.
மூன்று டாலர் வாங்கிக்கொண்டு
புறங்கையில் கரடிப் பாதம் குத்தினார்கள்.
என் கோட்டில் கல்லூரிச் சின்னத்தைப் பார்த்ததும்
பாப்கார்ன் விற்பவர் சொன்னார்:
"பதினாலாம் நம்பருக்குத்தானே."

பதினாலாம் நம்பருக்குத்தான்.
மாரென் ஓஸ்ட்பி, ஆறடி ஓர் அங்குலம், பதினோராம் வகுப்பு.
முப்பத்தொரு புள்ளி எடுத்தாள்.
அதை நான் குறிக்கவில்லை, நாளைக்குப் பேப்பரில் வரும்.
நான் குறித்தது:
குதித்து இறங்கும்போது முழங்கால் உள்வாங்குகிறது,
திருத்தலாம், சீக்கிரம் திருத்த வேண்டும்.
வெளியே கூப்பிட்டதும் கிடைத்த நாற்காலியில் உட்காராமல்
பெஞ்சின் கடைசிவரை போய்
விளையாடாத பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
பந்து தன் விரலில் பட்டுத்தான் வெளியே போனது என்று
நடுவரிடம் தானே சொன்னாள்
(தலைமைக் கோச்சிடம் இதைச் சொல்லப்போவதில்லை).
இடப்பக்கம் போகவே மாட்டாள். அடிக்கோடு.

அப்புறம் அவர்கள் சமையலறை.
பீட்ரூட் சர்க்கரை ஆலையில் இரவு ஷிஃப்டுக்குப் போகவேண்டிய அம்மா
பூட்ஸ் போட்டபடியே காபி ஊற்றினாள்.
நான் ஃபைலைத் திறந்தேன்:
முழு உதவித்தொகை, நர்சிங் படிப்பு, புது ஜிம்மின் வரைபடம்.
அட்டையில் ஜெனே விட்லாக்கின் படம்.
இதே மாதிரி ஒரு ஜிம்மில் நான் கண்டெடுத்தவள்.
இரண்டு கோடை, விடிகாலையில் அறுநூறு பந்து,
அவளுக்கு ஒரு இடது கை செய்து கொடுத்தோம்.
சொந்த விமானம் வைத்திருக்கும் கல்லூரிக்கு
அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
நவம்பரில் அந்த இடது கை எங்களைத் தாண்டித் தாண்டிப் போனது.
பத்தொன்பது புள்ளி.
மேஜைக்கடியில் ஒரே ஒரு முறை கை தட்டினேன்.
அட்டையை மாற்றப் பணம் ஒதுக்கவில்லை.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி
எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள் மாரென்.
ஐந்து.
"இப்ப எத்தனை பேர் இருக்காங்க?"

தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறேன்,
குடும்பம் என்ற சொல் அதில் மூன்று முறை வரும்.
நாய் என் சாக்ஸை மோந்துகொண்டிருந்தது.
எண்ணத் தொடங்கினேன்.

விட்லாக்கைத்தான் அட்டையிலேயே பார்க்கிறாயே.
இன்னொருத்தி அக்டோபரிலேயே வீட்டுக்குப் போனாள்,
அழுகை நிற்கவில்லை. அவள் ஊர்ப் பலகை வரும்போது
இன்றும் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவேன்.
முழங்கால் போன ப்ரியா லுஹானோ
இப்போது எங்கள் ஸ்கோர் ஷீட் எழுதுகிறாள்.
ஓடாலிஸ் இருக்கிறாள்,
ஆட்டத்துக்கு நான்கு நிமிடம் கிடைக்கும்,
அந்த நான்கும் தீயாக இருக்கும்.

"அது நாலு பேர்தான்."

ஐந்தாமவளிடம் நான்தான் சொன்னேன்.
கார் நிறுத்துமிடத்தில், எஞ்சினை அணைக்காமல்.
அவள் உதவித்தொகை
வேறொரு உயரமான பெண்ணுக்குத் தேவைப்பட்டது.
"தேங்க்ஸ் கோச்" என்றாள்.
எதற்கு என்று இதுவரை விளங்கவில்லை.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், எழவில்லை.
மாரென் பள்ளி நோட்டு ஒன்றை இழுத்துத் திறந்தாள்.
அவளும் குறிக்கிறவள்.
எனக்கு முன்னால் வந்த மூன்று கல்லூரிகள்
பக்கத்துக்கு ஒன்றாக அதில் இருந்தன.
"அந்த அஞ்சாவது ஆள் பேரு?"

கேய்லின் ஸ்ட்ரூப், என்றேன்.
இரண்டு வருடமாக வாயில் வராத பெயர்.
எழுத்துக்கூட்டிக் கேட்டு, மெதுவாக எழுதினாள்.
இடது கையால்.

பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் காரை நிறுத்தி
என் குறிப்பைப் பிரித்தேன்.
அடிக்கோட்டை அடிக்க முடியாது.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்,
பேனா உறைந்திருந்தது,
ஊதி ஊதிப் போட்டேன்.