இரண்டாவது முட்டை

இங்கே காற்றுக்குப் பெயர் வைப்பதில்லை.
வைத்தால் கூப்பிட வேண்டிவரும்.
அது கூப்பிடாமலே வருகிறது,
கூடாரத்தின் மூன்றாவது முளையைப்
பிடுங்கி எறிந்துகொண்டு.

படகோனியாவின் கரும்பாறை மேட்டில் ஓர் ஏரி.
ஏரியில் பன்னிரண்டு கூடுகள்.
கூடு என்பது பெரிய சொல்.
ஈரக் கொடிகளை அள்ளி வைத்த
இரண்டு கை அகலம். மிதக்கிறது, அவ்வளவுதான்.

முக்குளிப்பான்கள்.
கறுத்த முகம், வெள்ளை நெற்றி,
உச்சியில் துருவின் நிறத்தில் ஒரு கொண்டை,
கண் மட்டும் இரவெல்லாம் விழித்திருந்ததைப் போல
செக்கச் சிவப்பு.
உலகம் முழுவதிலும் மிச்சமிருப்பவற்றை
ஒரு பள்ளிக்கூட மைதானத்தில்
கொடியேற்ற வரிசையில் நிறுத்திவிடலாம்.
பின்வரிசைகள் காலியாக இருக்கும்.

எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
விடிந்ததும் ஒருமுறை,
பத்து மணிக்கும் இருட்டாத மாலையில் ஒருமுறை.
இருபத்து நான்கு.
இருபத்து நான்கு.
இருபத்து மூன்று.
விரல் நடுங்க மறுபடி தொடங்கும்போது
தண்ணீரைத் திறந்துகொண்டு மேலே வந்தது ஒன்று.
மூச்சு வாங்கினோம், இருவரும்.

துப்பாக்கி எதற்கு என்று கேட்கிறார்கள்.
மிங்க்குக்கு.
கீரி ஜாடை, எண்ணெய் தடவிய உடம்பு.
ஒரே ராத்திரியில் ஓர் ஏரியைத் துடைத்துவிடும்.
பசிக்கு ஒன்று,
மற்றவை சும்மா.

என் அப்பா மிங்க் வளர்த்தவர்.
தகரக் கொட்டகை, அறுநூறு கூண்டுகள்,
குதிரைக்கறி அரைக்கும் இயந்திரத்தின் கரகரப்பு.
எங்கோ தூரத்து நகரத்தில்
யாரோ ஒருத்தியின் தோளுக்குக் குளிராதிருக்க.
என் பள்ளிக் காலணியும்
பல்லுக்குப் போட்ட கம்பியும்
அந்த ரோமத்திலிருந்து வந்தவை.
விலை விழுந்த வருஷம்
ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்
கூண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்.
"கொல்ல மனசு வரல" என்றார்.
அம்மா அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள்.
நான் கைதட்டினேன்.
எனக்கு ஏழு வயது.

அந்தக் கருணைக்கு நான்கு கால்கள்.
நன்றாக நீந்தும்.

"ரொமில்தா, அங்க என்னதான் வேலை உனக்கு?"
தொலைபேசியில் கேட்கிறார்.
எண்ணுகிறேன் அப்பா என்கிறேன்.

நேற்று இரவு ஒன்று வந்தது.
விளக்கொளியில் பச்சையாய் இரண்டு புள்ளி.
சுட்டேன்.
கரையிலிருந்து தூக்கியபோது வெதுவெதுவென்றிருந்தது.
ரோமத்தின் திசை
என் கைக்கு இன்னும் நினைவிருந்தது.
எலிசெயோ நீளம் அளந்தான், எடை எழுதினான்.
பெண், என்றான்.
பால் சுரந்திருக்கிறது, என்றான்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று என்னைக் கேட்டான்.

இந்தப் பறவை இரண்டு முட்டை இடும்.
முதல் குஞ்சு வந்ததும்
அதை முதுகில் ஏற்றிக்கொண்டு
இணையோடு போய்விடும்.
திரும்பிப் பார்ப்பதில்லை.
இரண்டாவது முட்டை
உயிரோடு ஆறிக்கொண்டிருக்கும் கூட்டில்.

இன்று மதியம் படகில் போய் அதை எடுத்துவந்தேன்.
கம்பளித் தொப்பிக்குள் சுற்றி,
சட்டைக்குள் போட்டு, ஒரு கையால் துடுப்பு வலித்து.
சூடேற்றும் பெட்டி தயாராகத்தான் இருந்தது.
சூரியத் தகட்டை மாலையில்
காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது.
எலிசெயோ தேடப் போயிருக்கிறான்.
ஆகவே முட்டை என் வயிற்றின் மேல்.
நான் மல்லாந்து படுத்திருக்கிறேன்,
தும்மக்கூடப் பயந்து.

எங்கோ ஒரு பாறை இடுக்கில்
கண் திறந்தும் திறக்காத நாலைந்து
இன்னும் காத்திருக்கும்.
அவற்றுக்கும் இதே குளிர்தான்.
நாளை தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.
கண்டுபிடித்தால் செய்ய வேண்டியதையும் செய்வேன்.
மனசு வராது.
வரும்வரை காத்திருக்கப்போவதில்லை.

இப்போது ஒரு சத்தம்.
ஓட்டை உள்ளிருந்து தட்டுகிறதா,
கூடாரத் துணி அடித்துக்கொள்கிறதா,
தெரியவில்லை.
மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன்,
தண்ணீருக்கடியில் இருப்பவளைப் போல.
யாராவது கரையில்
எண்ணிக்கொண்டிருந்தால்
ஒன்று குறையும்.