பருப்பு வேகாத ஊர்

முன்பணம் இருபதாயிரம்.
வாடகை மூவாயிரத்து ஐந்நூறு.
மோட்டார் காலை ஆறிலிருந்து ஆறரை வரை.
சாவியைக் கையில் வைத்தபடி
ஜெய்த்தூன் அக்கா கேட்டது ஒன்றுதான்:
"மேட்டூர்ப் பொண்ணா? அணையில இப்ப எத்தன அடி?"

டீக்கடையில் கேட்டார்கள்.
கேஸ் ஏஜென்சியில் ஆதார் நகலை
மாதேஸ்வரி, கொளத்தூர் அஞ்சல், மேட்டூர் வட்டம் என்று
வாய்க்குள் வாசித்துவிட்டு
அங்கிருந்தவரும் கேட்டார்,
மதகுச் சாவி என் கைப்பையில் இருப்பதுபோல.

எனக்குத் தெரியாது.
பக்கத்திலேயே வளர்ந்தும்
அதன் அடியை ஒருநாளும் விசாரித்ததில்லை.
எங்கள் வீட்டில் அணை என்றால்
ஞாயிற்றுக்கிழமை மீன்.

இப்போது ராத்திரிதோறும் அம்மாவிடம் கேட்கிறேன்.
"சாப்ட்டியா" முடிந்ததும்
"நூத்தி மூணு" என்கிறாள்
என் காய்ச்சலைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதுபோல.
மறுநாள் காலை அதை டீக்கடைக்குக் கொண்டுபோகிறேன்.
அந்த வாரம் இரண்டு டீக்குக் காசு வாங்கவில்லை.

தண்ணீர் திறந்தது ஜூன் பன்னிரண்டு.
நான் அதற்கும் முந்தைய வாரமே
திருச்சியில் பேருந்து மாறி
ஒரே ராத்திரியில் வந்துவிட்டேன்.
அதுவோ கல்லணையில் நின்று, வெண்ணாறாகி, வெட்டாறாகி,
பெயரை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு
ஓடம்போக்கியில் நுரையும் பிளாஸ்டிக்கும் தள்ளி வந்து சேர்ந்தபோது
வங்கியில் நான் மூன்றாம் முறையாக நின்றுகொண்டிருந்தேன்.
உள்ளூர் முகவரிக்குச் சான்று இல்லையாம்.
கணக்கு இல்லாமல் உதவித்தொகை வராது.
ஆற்றிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"துணிய கொல்லையில காயப் போடு" என்றாள் அக்கா.
எங்கள் ஊரில் கொல்லை என்றால் சோளம் விளையும் காடு.
பக்கெட்டோடு தெருவைத் தாண்டி நடந்தேன்.
பின்னாலிருந்து ஒரு வீடே சிரித்தது.

என் வேலை உப்பு.
கடல் எவ்வளவு தூரம் நிலத்துக்கடியில் நடந்து வந்திருக்கிறது என்று
தலைஞாயிறு, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி
அடிபம்பு அடிபம்பாகப் போய்ப் பாட்டிலில் பிடிப்பது.
கூட்டமான பேருந்தில் வியர்வை பட்டு
மூடிமேல் எழுதிய எண் அழிந்துவிடும்.
இருபத்து மூன்றா இருபத்தெட்டா?
நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்ததை
ஆய்வேட்டில் எழுத முடியாது.

இதற்கிடையில் என் பருப்பு வேகவில்லை.
ஐந்து விசில். எட்டு விசில்.
ரப்பர் மாற்றினேன். மளிகைக்கடைக்காரரோடு சண்டை போட்டேன்.
பதினொன்றாம் விசிலில் அக்கா மாடியேறி வந்தாள்.
"என்ன, ரயில் ஓட்டுறியா?"

பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டாள்:
"ஊரு தண்ணியெல்லாம் பாக்குறியே, இந்த வீட்டுத் தண்ணி எப்புடி?"

பார்த்ததே இல்லை.
முப்பத்தைந்து ரூபாய்க் கேன் தண்ணீரைக் குடித்துக்கொண்டு
அவர்கள் குழாயின்கீழ் இத்தனை நாள் தட்டு கழுவியிருக்கிறேன்.
ஒரு டம்ளர் பிடித்து மீட்டரை வைத்தேன்.
இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து.

எப்படிச் சொல்வது?
களத்தில் எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த பேருந்தைப் பிடித்துவிடுவேன்.
இங்கே அடுத்த பேருந்து இல்லை.
சொன்னேன்: உப்பு, சுண்ணாம்பு, எல்லாமும்தான்.

கொஞ்சநேரம் டம்ளரையே பார்த்தாள்.
"அப்ப தண்ணிதானா" என்றாள்.
"என் மாமியா மவுத்தாகுற வரைக்கும்
பதினெட்டு வருசம் என் கையத்தான் குத்தம் சொன்னாங்க.
வேகாத கைன்னு."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன்.
அவள் அதற்குள் பேனா தேடிக்கொண்டிருந்தாள்.
"அந்த நம்பர ஒரு பேப்பர்ல எழுதிக் குடு.
கையெழுத்தும் போடு."

என் வழிகாட்டி மூன்று வாரமாகக்
கையெழுத்திடாத படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்.
எண். தேதி. மாதிரி எடுத்த இடம்:
கதவு எண் பதினேழு பை இரண்டு, மாடி.

அவள் இரண்டு முறை வாசித்தாள்.
பிறகு, "மோட்டார நிப்பாட்டுனியா இல்லியா?"