ஓதத்துக்கு ஒரு கட்டம்

முதலில் கேள்வி பெரியதாக இருந்தது.
சீலோவே தீவில் கடற்பாசி அள்ளும் பெண்களுக்கு
ஏன் உடம்பு இப்படித் தேய்கிறது?
வால்டிவியாவிலிருந்து கஸ்தோன் போனில் சிரித்தார்,
"உடம்பு என்றால் எது?"
தோள் போயிற்று, இடுப்பு போயிற்று.
மீனை அரிவதுபோல் அரிந்து அரிந்து
கடைசியில் தட்டில் கிடந்தது
ஒரு முழங்கால். வலது.

நெறிமுறைக் குழு இரண்டு முறை திருப்பி அனுப்பியது.
"பங்கேற்பவருக்கு ஆபத்து: ஏதுமில்லை"
என்று நான் எழுதிய இடத்தில்
சிவப்பு மையில் ஒரே சொல்: நிச்சயமா?
ஒரு வாரம் யோசித்து
"ஒரு மணி நேரம் வீணாகலாம்" என்று மாற்றினேன்.
ஒப்புதல் வந்தது.

நாற்பது பேர் வேண்டும் என்றார் கஸ்தோன்.
படகு டீசலுக்கு இருந்த காசை
எப்படி வகுத்தாலும் இருபத்தாறுதான்.
மற்ற பதினான்கு பேரும்
எக்செல்லில் வெற்று வரிகளாக நின்றார்கள்.
அழிக்கக் கை வரவில்லை.

ஜூலை மாதம், குளிர். மழை பக்கவாட்டில் அடித்தது.
படிவங்களை மாவுப் பைக்குள் சுருட்டிக்கொண்டு
கெம்ச்சி கரையில் இறங்கினோம், நானும் எல்சிராவும்.
முதல் பெயர் நோல்ஃபா வென்சூர், நாற்பத்தொன்று.
அவள் வீட்டு விறகடுப்பின் மேல்
காலுறைகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன.
மாத்தே குவளையை என் கையில் திணித்துவிட்டு
ஒப்புதல் தாளை முழுக்க வாசித்தாள்,
நானே சரியாக வாசிக்காத கடைசிப் பத்தி உட்பட.

ஏழாம் கேள்வி.
"பூஜ்யத்திலிருந்து பத்துக்குள், வலி எவ்வளவு?"

"கடல் வற்றியிருக்கும்போதா, ஏறியிருக்கும்போதா?"

என் பேனா நின்றது.

"வற்றினால் பாசிதான் தெரியும், கால் தெரியாது.
தண்ணீர் ஏறிய பிறகு
இந்த நாற்காலியில் உட்காருவேன் பார்,
அப்போது வரும்."

"சரி, இப்போது?"

"இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள்.
மூன்று என்று போட்டுக்கொள்."

திரும்பும் படகில்
மிச்சமிருந்த இருபத்தைந்து படிவங்களிலும்
ஏழாம் கேள்விக்குப் பக்கத்தில்
பென்சிலால் ஒரு கட்டம் வரைந்தோம்: ஓதம்.
படகு ஆட்டத்தில் ஒரு கோடும் நேராக வரவில்லை.
படகோட்டி கேட்காமலே
தன் ஓத அட்டவணையை எடுத்து நீட்டினார்,
எண்ணெய்க் கறையோடு.
திருத்தம் என்றால் மறுபடி குழு,
மறுபடி சிவப்பு மை,
ஆகஸ்டும் போய்விடும்.
எல்சிரா அதைச் சொல்லவில்லை. நானும்.

அன்றிரவு பதிந்தேன்.
வரிசை ஒன்று. வலது முழங்கால். வலி மூன்று.
குறிப்பு:
விருந்தாளிக்காக.