வேலிக்கு முட்டை சாட்சி

என் கோழிகள் இடுவது நீலம்.
வானம் போல, கடல் போல என்று ஆரம்பிக்காதீர்கள்.
சிலோயே தீவில் வருஷத்தில் பாதி நாள்
இரண்டும் ஈரச் சாம்பல்தான்.
இது துவைத்துத் துவைத்து வெளுத்த
பள்ளிக்கூடச் சட்டையின் நீலம்.

எலியேசர் பார்ரியாவின் கோழிகள் இடுவது பழுப்பு.
நகராட்சி கடனுக்குக் கொடுத்த சிவப்புப் பெட்டைகள்.
பெரிய முட்டை, மெல்லிய ஓடு.
(மெல்லியது என்பது என் கட்சி.)

நடுவே ஒரு வேலி.
வேலியில் ஒரு கம்பம்.
அது ஒரு முழம் என் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று நானும்
நகரவே இல்லை என்று அவரும்
பேசி முடித்து மூன்று குளிர்காலம்.
அதற்கப்புறம் பேசவில்லை.

காஞ்சொறிப் புதருக்குள்
எந்தக் கோழி திருட்டுத்தனமாக இட்டாலும்
பஞ்சாயத்து கிடையாது.
பழுப்பென்றால் எடுத்துக் கம்பத்தின் தலையில் வைப்பேன்.
நீலமென்றால் அவர் வைப்பார்.
மறுநாள் காலை கம்பம் காலி.
ஒரு நன்றி இல்லை,
ஒரு இருமல்கூட இல்லை.

செப்டம்பரில், மழை சற்றே ஓய்ந்த ஒரு காலையில்,
போன கோடையில் பொரித்த என் வெடைக்கோழி,
கன்னத்தில் தாடிபோல் இறகு வைத்திருப்பது,
கொக்கரித்து ஊரைக் கூட்டியது.
போய்ப் பார்த்தேன்.
முதல் முட்டைக்கே உரிய ரத்தக் கீற்றோடு
ஆலிவ் பச்சை.
ஊறுகாய் ஜாடியிலிருந்து எடுத்துப் போட்டது மாதிரி.

எனக்கு இந்தக் கணக்கு தெரியும்.
நீலம் ஓடு முழுக்க ஊறியிருக்கும்,
உடைத்து உள்பக்கம் பார்த்தாலும் நீலம்.
பழுப்பு அப்படியல்ல.
வெளியே வரும் அவசரத்தில்
கடைசியாக மேலே பூசிக்கொள்வது.
நீலத்தின் மேல் பழுப்பு பூசினால் பச்சை.
பூசுவதற்கு ஒரு சேவல் வேண்டும்.
அவர் சேவல்
என் வேலியை, ஒரு ஓட்டை இல்லை என்று
நகராட்சி ஆளிடம் நான் சத்தியம் செய்த வேலியை,
என்றோ ஒருநாள் தாண்டி வந்துபோயிருக்கிறது.

துணியை வினிகரில் நனைத்துத் தேய்த்தேன்.
எலியேசர் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியில் வந்தார்.
அடியில் நீலம். என் நீலம்.
பாதி முட்டையில் நிறுத்திவிட்டேன்.
அடுப்பில் உருளைக்கிழங்குத் தண்ணீர் பொங்கியது,
அதனால்தான்.
வேறு காரணம் தேடாதீர்கள்.

இதைக் கம்பத்தில் வைப்பதா?
வைத்தால் வேலி ஓட்டை என்று
நானே எழுதிக் கொடுத்தது போலாகும்.
வைக்காவிட்டால்
அவர் பூசிய பாதியைத் தின்றவளாவேன்.
இரண்டு நாள் ஜன்னல் விளிம்பில் கிடந்தது,
ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை.

அதற்குள் கோழி நிற்காமல் இட்டுக்கொண்டே போனது.
ஞாயிறு வந்தால் தல்காவே சந்தை.
ஆறு பச்சை முட்டைகளைத் தனித் தட்டில் வைத்தேன்.
படகிலிருந்து இறங்கிய சாந்தியாகோ பெண்ணொருத்தி
பேரம் பேசாமல் இரட்டை விலை கொடுத்தாள்.
என்ன ஜாதிக் கோழி என்று கேட்டாள்.
வேலி ஜாதி என்றேன்.
கைப்பேசியில் எழுதிக்கொண்டாள்.

அந்தக் காசில் பாதி தேயிலை டப்பாவில் இருக்கிறது.
எலியேசர் கேட்டால் எண்ணிக் கொடுத்துவிடுவேன்.
கேட்பதற்கு அவர் வாயைத் திறக்க வேண்டும்.
இதுவரை அந்த வீட்டில்
என் பக்கம் பார்த்து வாய் திறப்பது
அந்தச் சேவல் மட்டும்தான்.
அதுவும் கம்பத்தின் மேல் ஏறி நின்று.