காலம் காட்டாத சொல்

ஆர்க்னித் தீவு. ஜூன் மாதம்.
இரவு பத்தேகாலுக்கும் வெயில்
சமையலறைச் சுவரைவிட்டுப் போக மனசில்லாமல் நிற்கிறது.

சிகுர்டின் வலது மணிக்கட்டு உடைந்து ஆறு நாள்.
படகிலிருந்து துறைக்குத் தாவியபோது பாசி வழுக்கிவிட்டது.
எலும்பை இழுத்துப் பொருத்திவிட்டு
"செட்" என்றாள் நர்ஸ்.
மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு
மறுபடியும் "செட்".

இங்கிரிட் அடுப்படியில்.
ரூபார்ப் ஜாம் இறுகுவேனா என்கிறது.
குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு
விரலால் கோடு கிழிக்கிறாள்.
கோடு மூடிக்கொள்கிறது.
செட் ஆகல, என்று முணுமுணுக்கிறாள்.
காதலுக்கும் சட்டைக்கும் நாம் சொல்வதை
அவள் ஜாமுக்குச் சொல்கிறாள்.

வாசலில் போட்ட சிமெண்ட் படி மட்டும்
நன்றாகவே இறுகிவிட்டது,
பக்கத்து வீட்டு நாயின் நான்கு பாதங்களோடு.

கதவிடுக்கில் ஒரு துண்டுச்சீட்டு.
தீவன ரசீதின் பின்பக்கம், பென்சிலில்:
"உன் கூண்டுகளை நான் செட்."
கையெழுத்து இல்லை. தேவையும் இல்லை.
அண்ணன் டோர்ஃபினின் எழுத்து
காற்றடித்த புல் மாதிரி ஒரே பக்கம் சாயும்.
அப்பாவின் படகு யாருக்கு என்பதில்
பதினோரு வருஷமாய்ப் பேச்சில்லை.

இங்கேதான் என் தமிழ் தடுக்கி விழுகிறது.
சிங்கி இறால் கூண்டுகளைக் கடலில்
வைத்தேன் என்கிறானா, வைக்கிறேன் என்கிறானா?
நம் வினைச்சொல்
காலத்தை வாலில் கட்டிக்கொண்டுதான் நடக்கும்.
இதற்கு வாலே கிடையாது.
நேற்றைக்கும் தினத்துக்கும் ஒரே முகம்.

"இன்னைக்கு ஒரு நாள் வெச்சிருக்கான்."
சீட்டை அவளிடம் தள்ளுகிறான் சிகுர்ட்.

"தினமும் வைக்கிறான்" என்கிறாள்.
"ஆறு நாளா உன் கயிறு
விடிகாலையில ஈரமா இருக்கே, பார்க்கலையா?"

பார்த்திருந்தான்.
மாவுக்கட்டைத் தூக்கி மேசைமேல் வைத்துக்கொண்டு
ஜன்னலுக்குத் திரும்புகிறான்.

கடலுக்குள் இறங்குகிறது சூரியன்.
அதற்கும் அந்தச் சொல்தான்.
இருட்டத்தான் இல்லை.

மூன்றாவது தட்டை எடுத்து வைக்கிறாள் இங்கிரிட்.
அதற்கும்.
யாருக்கு என்று அவன் கேட்கவில்லை.

ஜாம் இன்னும் தண்ணியாய்த்தான் இருக்கிறது.
பரவாயில்லை என்று
கரண்டி போடுகிறாள்.