வீட்டுக்குள் தூங்கும் பேட்டரி

இந்திகிர்கா ஆறு உறைந்து சாலையாகிவிட்டால்
எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும்
வாசல் பூட்ஸுகளுக்குப் பக்கத்தில்
ஒரு பேட்டரி படுத்திருக்கும்.
என் தபால் வண்டியுடையது இருபது கிலோ.
ஒருநாள் நான் தூக்கிவர வேண்டும், மறுநாள் கெஸ்கில்.
என் சால்வை ஓரத்து ஓட்டை
அது போட்டதுதான்.

அன்றிரவு சண்டை.
யாகூத்ஸ்க் நகரத்துக்கே குடிபோய்விடலாம் என்றான்.
மாட்டேன் என்றேன்.
மீன் சூப் ஆறி மேலே ஆடை கட்டியது.
அவன் எடுத்துவந்திருப்பான் என்று நான்,
நான் எடுத்திருப்பேன் என்று அவன்.
வண்டிக்குள் கூரைவிளக்கு மட்டும்
யாருக்கோ எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.
ஒரு தகடு சாக்லேட் நிறம், ஆக்சிஜன் ஏறிய ஈயம்.
எதிர்த் தகடு சாம்பல் நிறம், பஞ்சுபோல வெறும் ஈயம்.
அதுவும் இதுவும் வேறு வேறு என்பதால்தான்
நடுவில் ஏதோ ஓடுகிறது.
விளக்கு எரிய எரிய
இரண்டின் மேலும் ஒரே வெள்ளை உப்பு படியும்.
அமிலத்திலிருந்த கந்தகம்
தகடுகளுக்குக் குடிபோய்விடும்,
மிச்சம் தண்ணீர்.

எங்கள் கல்யாணத்தில்
குமிஸ் கோப்பையைத் தூக்கிப் பிடித்து
இருவரும் ஒன்றாகிவிடுங்கள் என்றார் அவன் மாமா.
பேட்டரிக்கு அதன் பெயர் சாவு.

அமிலம் நிறைந்திருந்தால்
மைனஸ் அறுபதிலும் அது உறையாது.
தண்ணீருக்கு அந்தத் தைரியம் ஏது.

காலையில் மைனஸ் ஐம்பத்திரண்டு.
பெட்டி மூலைக்கு மூலை வெடித்திருந்தது,
விரிசலில் பனிக்கட்டி நாக்கை நீட்டியபடி.
தட்டினேன். கல்.
கெஸ்கில் கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
நானும்தான்.

ஒன்பது நாள் ஒரு மூட்டைக் கடிதம்
வண்டியிலேயே கிடந்தது.
கார்கின் வீட்டு இன்சுலினை மட்டும்
அன்றிரவே நான் மறக்காமல் உள்ளே எடுத்துவைத்திருந்தேன்.
(அதை எடுத்தேன், இதை எடுக்கவில்லை.)
கெஸ்கில் அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து
பனிச்சறுக்கில் கொண்டுபோய்க் கொடுத்தான்.

பத்தாம் நாள் லாரியில் புதியது வந்தது.
மூடியைத் திறந்து கண்ணாடிக் குழாயில் உறிஞ்சினேன்.
மிதவை உயரே நின்றது:
ஒன்று புள்ளி இரண்டு எட்டு.

"நகரத்தில் சூடான கராஜ் உண்டு" என்றான்,
"இந்தச் சுமையெல்லாம் வேண்டாம்."
"மாட்டேன்" என்றேன்.

அன்று என் முறை இல்லை.
ஒரு பக்கத்துக் கைப்பிடியை
நான் பிடித்துக்கொண்டேன்.