குடிகார வண்டி

அட்டையில் என் பெயர் புதிதாக அச்சாகியிருந்தது:
முகாய் தெத்சுரோ, விற்பனை.
பதினேழு வருஷம் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றவனுக்கு
பெயர் அட்டை எதற்கு?
இரண்டு கையாலும் நீட்டிக் குனி என்றார்கள்.
குனிந்தேன்.
நகக்கண்ணின் எண்ணெய்க் கறுப்பு
அட்டையின் ஓரத்தில் ஏறிக்கொண்டது.

ஹிரோஷிமாவிலிருந்து ஒசாகாவுக்கு
எங்கள் பட்டறையிலிருந்து ஒன்பது பேர்.
விற்காத கார்கள் துறைமுகத்தில் வரிசையாக நின்று
உப்புக்காற்றைத் தின்றுகொண்டிருந்தன.
பெட்ரோல் விலை மலையேறியிருந்தது.
"மாஸ்டாவா? குடிகார வண்டி ஆயிற்றே" என்றார்
முதல் வீட்டுக்காரர்.
இரண்டாம் வீட்டில் கதவே பேசியது.
மூன்றாம் வீட்டில் நாய்.

பெயர் கெட ஒரு குளிர்காலம் போதும்.
பெயர் எடுத்த கதையோ
வாசலில் நின்று சொல்லி முடிகிறதில்லை.
தக்கையில் தொடங்கிய கம்பெனி அது,
மரப்பட்டையை அரைத்து அழுத்திய தக்கை.
பிறகு மூன்று சக்கரச் சரக்கு வண்டி.
அந்த ஆகஸ்ட் காலையில்
ஹிஜியாமா குன்று குறுக்கே நின்றது;
ஒரு குன்றின் முதுகு அளவுதான் ஆலையின் அதிர்ஷ்டம்.
டிசம்பரில் மறுபடி வண்டிகள் வெளியே வந்தன.
எனக்கு ஏழு வயது.
அவற்றின் தடதடப்பைக் கேட்டுத்தான்
தெரு என்று ஒன்று மிச்சமிருப்பதை நம்பினேன்.

ரோட்டரி எஞ்சினைப் பற்றி யாராவது கேட்பார்களென்று
இரவெல்லாம் மனப்பாடம் செய்தேன்.
பட்டுக்கூடு மாதிரி இடுப்பு ஒடுங்கிய அறை,
உள்ளே சுழலும் ஒரு முக்கோணம்.
ஆரம்பத்தில் அது சுழன்றது, சுவரையும் பிறாண்டியது.
அந்தத் தடங்களைப் பிசாசின் நகம் என்றோம்.
முக்கோணத்தின் முனைகளுக்கு
எலும்பைக்கூட இழைத்து வைத்துப் பார்த்தார்களாம்.
கடைசியில் அலுமினியமும் கரியும் கலந்தது நிலைத்தது.
பிறாண்டல் நின்ற அன்று
சத்தம் இல்லாததை
முதன்முறையாகக் காதால் கேட்டேன்.

யாரும் கேட்கவில்லை.

தைஷோ பகுதியில் பொதுக்குளியல் கூடம் நடத்தும்
குராமொச்சி ஹிதே அம்மாள்
அட்டையை வாங்கிப் பார்த்தாள், என் விரலையும் பார்த்தாள்.
"என் பம்பு முனகுகிறது, என்னவென்று பார்."
குழாயில் காதை வைத்தேன். பேரிங்.
மாற்றிக் கொடுத்தேன்.
"உன் கார் நிறையக் குடிக்குமாமே?"
"குடிக்கும்."
அவள் வாங்கவில்லை.
வெந்நீரில் கிடந்துவிட்டுப் போ என்றாள்,
காசு வேண்டாம் என்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து அந்தத் தெரு முழுக்க
எனக்கு வேலை இருந்தது.
மின்விசிறிகள், ஒரு தையல் மெஷின்,
தோஃபு கடைக்காரரின் அரவை எந்திரம்,
காரணமே இல்லாமல் நின்றுபோன சுவர்க் கடிகாரம்
(அதை மட்டும் என்னால் முடியவில்லை).
மேலாளர் தினமும் கேட்பார்: "எத்தனை?"
நான் விசிறிகளை எண்ணுவேன், அவர் கார்களை.

பதினான்கு மாதத்தில் மூன்று விற்றேன்.
இரண்டை மறந்துவிட்டேன்.
மூன்றாவதை வாங்கியவர் பனிக்கட்டி வியாபாரி இகேஜிரி.
அவர் வீட்டு விசிறி என் கையால் ஓடியது.
"குடிக்கும் என்கிறார்களே?"
"மற்றதைவிட அதிகமாகவே."
"நானும்தான்" என்றார்.
முத்திரையில் மை தொட்டுக் குத்தினார்.

சாவியைக் கொடுத்த காலையில்
பின்னிருக்கையில் சாக்கு விரித்து
மூன்று பனிக்கட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.
அவருக்குச் சரக்கு வண்டிக்கும் இதற்கும் பேதமில்லை.
முக்கோணம் முனகாமல் சுழன்றது,
கடைத்தெரு திரும்பிப் பார்த்தது.
வண்டி மறைந்த பிறகும்
தெருமுனை வரை ஒரு ஈரக்கோடு கிடந்தது.
எனக்கு வயிறு கலங்கியது.
குனிந்து,
விரலால் தொட்டு,
மோந்து பார்த்தேன்.

தண்ணீர்தான்.